காப்பு நிலங்கள் – 7: நஞ்சராயன் குளமும் நல்லாறும்

1964-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கானகச் சட்டம், 91 லட்சம் ஏக்கர் பொது நிலத்தைச் சாலையும் மோட்டார் வாகனமும் அண்டாத இயற்கை வெளியாக ஒதுக்கியது. இந்தியாவில் அதற்கு நிகரான தனிச் சட்டம் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ள தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகிய வகைகளே இங்கு முதன்மையாக அந்தப் பணியைச் செய்கின்றன. சரணாலயம் ஆவதற்கு அந்த நிலம் மனிதர் கைபடாத காடாக இருக்க வேண்டியதில்லை என்பதற்குத் திருப்பூரை ஒட்டியுள்ள நஞ்சராயன் குளம் சான்றாகும்.

பல நூற்றாண்டுகளுக்கு முன் இதைச் செப்பனிட்ட நஞ்சராயன் என்னும் அரசன் பெயரால் வழங்கும் இந்தப் பாசனக் குளம், ஏறத்தாழ 126 ஹெக்டேர் பரப்புடையது. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து உட்பட 191 பறவை இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்குளம், ஈரநிலங்களுக்கான 1971-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின்படி 2024 ஆகஸ்டில் ராம்சர் தலமாகவும் ஏற்கப்பட்டது.

சரணாலய அறிவிப்புக்குச் சட்ட வலிமை உண்டு. சரணாலயத்தின் எல்லையை மாற்ற வேண்டுமானால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆம் பிரிவோ, உயிரினங்களின் வாழிடத்தை அழிப்பதை மட்டுமின்றி, சரணாலயத்துக்குள் வரும் நீரையும் வெளியேறும் நீரையும் அனுமதியின்றித் திருப்புவதையும், தடுப்பதையும், மிகுவிப்பதையும் தடைசெய்கிறது. நீரின் ஓட்டத்தை இவ்வளவு நுட்பமாகக் கவனிக்கும் அந்தப் பிரிவு, அந்த நீர் எத்தகையது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. இக்குளத்தின் உண்மையான இடர் இங்கேதான் தொடங்குகிறது.

ஏனெனில் குளத்துக்கு நீர் தருவது, அவிநாசிப் பக்கமிருந்து திருமுருகன்பூண்டி வழியே வரும் நல்லாறு. மழைநீரோடு குடியிருப்புகளின் கழிவுநீரையும் சுமந்து வரும் அந்த ஆறு சரணாலய எல்லைக்கு வெளியே கிடக்கிறது. எல்லைக்கு அப்பாலிருந்து வரும் நீர் எதைச் செய்யும் என்பதைத் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு முன்பே காட்டியிருக்கிறது: அதன் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பின்னரே, சாயநீரைச் சுத்திகரித்து மீண்டும் பட்டறைக்கே அனுப்பி, ஒரு சொட்டும் வெளியே விடாத ‘பூஜ்ஜியக் கழிவு வெளியேற்ற’ முறை இங்கு உறுதியாக நிலைகொண்டது.

சாயநீருக்கு விதித்த அந்தக் கண்டிப்பை வீட்டுக் கழிவுநீருக்கும் விதிப்பதே அடுத்த கடமை. நல்லாற்றின் கரையிலுள்ள உள்ளாட்சிகள், சுத்திகரிக்காத சாக்கடை நீரை ஆற்றில் விடுவதை நிறுத்த வேண்டும். குளத்துக்கான மேலாண்மைத் திட்டம் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் உள்ளடக்க வேண்டும். சரணாலயம் என்ற தகுதியைக் குளம் பெற்றுவிட்டது. அதைத் தக்கவைக்கும் பொறுப்பு நல்லாற்றின் கரையில் வாழும் ஒவ்வொரு ஊருக்கும் உரியது.