மீனில் வெண்கட்டி தெரிகிறதா?

ஈரச்சந்தையில் வாங்கிய மீனைச் சுத்தம் செய்யும்போது சதையிலோ குடலிலோ வெள்ளைக் கட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை 'மைக்ரோஸ்போரிடியா' என்ற நுண்ணிய ஒட்டுண்ணிகளின் கூடாக இருக்கலாம். கண்ணால் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் அவற்றின் வித்துகளை நுண்ணோக்கியில் பார்த்து, மரபணுவையும் சோதித்தே வகை பிரிக்கிறார்கள். முன்பு அமீபா போன்ற ஓரணு உயிரிகளோடு சேர்த்திருந்தார்கள். இப்போது காளான்களுக்கு நெருங்கியவை என்கிறார்கள்.

கட்டியுள்ள பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். நிறைய இருந்தாலோ, சதை குழைந்திருந்தாலோ, காசு போகிறதே என்று பார்க்காதீர்கள், மீனையே வீசிவிடுங்கள்.

சுருண்ட நூல்போல் தெரிந்தால் அது வேறு. அனிசாகிஸ் புழுவாக இருக்கலாம். அது உயிருடன் வயிற்றுக்குள் போனால் கடுமையான வலி வரும். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தாலும் சாகாது. மீனை உள்வரை நன்றாக வேகவையுங்கள்.