ஆய்வு மையத்திலிருந்து வருபவர்கள் யார்? நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிந்துகொள்ள வேண்டியவை

மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் காத்திருக்கும்போதோ வீட்டில் இருக்கும்போதோ, பல்கலைக்கழக ஆய்வு மையத்திலிருந்து வருவதாகக் கூறி ஒருவர் உங்களிடம் சில கேள்விகள் கேட்க அனுமதி கோரலாம். உங்கள் நோய், வருமானம், குடும்பச் சூழல், மனநிலை ஆகியவை குறித்து அவர் கேட்கக்கூடும். அவருக்குப் பின்னால் யார் யார் இருக்கின்றனர், அவர்கள் ஒவ்வொருவருக்கும் உங்களிடம் என்ன பொறுப்பு உண்டு என்பதை அறிந்திருந்தால், பங்கேற்பதா மறுப்பதா என்பதை அச்சமின்றி நீங்களே முடிவு செய்யலாம்.

மருத்துவத்துடன் சமூக அறிவியல் ஏன் சேர்கிறது?

ஒரு மருந்து நோயைக் குணப்படுத்துமா என்பதை மருத்துவ ஆய்வு கண்டறிகிறது. அந்த மருந்தை நோயாளி ஏன் பாதியில் நிறுத்துகிறார் என்பதற்கான விடை பெரும்பாலும் மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறது. பேருந்துக் கட்டணம், இழக்கும் ஒருநாள் கூலி, அக்கம்பக்கத்தினர் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம், வீட்டில் கவனித்துக்கொள்ள ஆள் இல்லாமை ஆகியவை சிகிச்சையின் வெற்றியைத் தீர்மானிக்கின்றன. எனவே மருத்துவர்களும் சமூக அறிவியலாளர்களும் ஒரே மையத்தில் இணைந்து பணியாற்றுகின்றனர். புதுதில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்திலும் இத்தகைய மையங்கள் உள்ளன.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வு

இத்தகைய கூட்டு முயற்சி நோயாளிகளுக்கு என்ன தந்திருக்கிறது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. முன்பு காசநோயாளிகள் பல மாதங்கள் காசநோய் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டும் என்று கருதப்பட்டது. ஆனால் நோயாளிகள் அனைவருக்கும் போதுமான படுக்கைகள் நாட்டில் இல்லை. 1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டால் நோய் குணமாகுமா, அதனால் குடும்பத்தினருக்கு நோய் அதிகம் பரவுமா என்பவை அங்கு ஆராயப்பட்டன.

இந்த ஆய்வில் 193 நோயாளிகள் பங்கேற்றனர். எவர் வீட்டில், எவர் மருத்துவமனையில் சிகிச்சை பெறுவது என்பது எவரது விருப்பத்திற்கும் இடமின்றிச் சமவாய்ப்பு முறையில் முடிவு செய்யப்பட்டது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்கள் நெரிசலான வீடுகளில், குறைவான ஊட்டத்துடனும் ஓய்வுடனும் வாழ்ந்தனர். ஆயினும் ஓராண்டுச் சிகிச்சையின் முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். குடும்பத்தினரைத் தொடர்ந்து கண்காணித்தபோது, வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை என்பதும் தெரியவந்தது. 1959-இல் வெளியான இந்த முடிவு, உலகின் பல பகுதிகளில் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. அந்த மையமே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இந்த விடையை மருத்துவர்கள் மட்டும் கண்டறியவில்லை. வீடு வீடாகச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்த பணியாளர்களும், தங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட நோயாளிகளும் குடும்பத்தினரும் அதில் சமபங்கு கொண்டவர்கள்.

மையத்தில் பணியாற்றுபவர்கள்

• முதன்மை ஆய்வாளர்: ஆய்வு முழுவதற்கும் பொறுப்பானவர். மருத்துவராகவோ சமூக அறிவியலாளராகவோ இருக்கலாம். அவருடைய பெயரும் தொடர்பு எண்ணும் உங்களுக்குத் தரப்படும் தகவல் தாளில் இருக்க வேண்டும்.

• சமூக அறிவியலாளர்கள்: சமூகவியல், மானிடவியல், உளவியல், பொருளியல் போன்ற துறைகளைச் சேர்ந்தவர்கள். எதைக் கேட்பது, எந்தச் சொற்களில் கேட்டால் மனம் புண்படாது என்பதை வகுப்பவர்கள்.

• களப் பணியாளர்கள்: உங்களை நேரில் சந்திப்பவர்கள். பயிற்சி பெற்ற நேர்காணலாளர்கள், செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள், ஆய்வு மாணவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். அடையாள அட்டையைக் காட்டுமாறு இவர்களிடம் கேட்பது தவறன்று.

• தரவு மேலாளரும் புள்ளியியலாளரும்: நீங்கள் தரும் விடைகளைப் பாதுகாத்துப் பகுப்பாய்வு செய்பவர்கள். பொதுவாக உங்கள் பெயருக்குப் பதிலாக ஒரு குறியீட்டு எண்ணே இவர்கள் பார்வைக்கு வரும்.

• நெறிமுறைக் குழு: ஆய்வை நடத்துபவர்களிடமிருந்து விலகி நின்று, உங்கள் நலனைக் காப்பதற்காக அமைக்கப்பட்ட குழு.

நெறிமுறைக் குழு உங்களுக்காக என்ன செய்கிறது?

மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வு தொடங்குவதற்கு முன்பே இக்குழு அதனைப் பரிசீலிக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. குழுவின் தலைவர் அந்நிறுவனத்தைச் சாராதவராக இருக்க வேண்டும். மருத்துவர்களுடன் சட்டம் அறிந்தவர், சமூக அறிவியலாளர், பொதுமக்களில் ஒருவர் ஆகியோரும் உறுப்பினர்களாக இருப்பர். தகவல் தாள் சாதாரண மனிதருக்குப் புரிகிறதா என்று பார்ப்பது அந்தப் பொதுமக்கள் பிரதிநிதியின் முக்கியப் பணியாகும். ஆய்வைத் திருத்தவும் நிராகரிக்கவும் இடையில் நிறுத்தவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஆய்வாளரைப் பற்றிய குறை இருந்தால் நீங்கள் இக்குழுவை நேரடியாக அணுகலாம்.

உங்கள் மருத்துவரே ஆய்வாளராக இருந்தால்

மருத்துவராக அவரது நோக்கம் உங்களைக் குணப்படுத்துவது. ஆய்வாளராக அவரது நோக்கம் ஒரு கேள்விக்கு விடை காண்பது. அந்த விடை வருங்கால நோயாளிகளுக்கே பயன்படக்கூடும். இவ்விரண்டும் ஒன்றன்று. ஆய்வில் சேர்ந்தால் கூடுதலான சிகிச்சை கிடைக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். அது எப்போதும் உண்மையன்று. எனவே, "இது என் சிகிச்சையின் பகுதியா, ஆய்வின் பகுதியா?" என்று தெளிவாகக் கேளுங்கள்.

மருத்துவரிடம் மறுத்துச் சொல்லப் பலருக்குத் தயக்கம் இருக்கும். நீங்கள் மறுத்தாலும், பாதியில் விலகினாலும், உங்களுக்குரிய வழக்கமான சிகிச்சை எவ்விதத்திலும் குறையக் கூடாது. மறுப்பதற்குக் காரணம் கூற வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

ஊசி இல்லாத ஆய்விலும் தீங்கு நேரலாம்

கேள்விகள் கேட்பது மட்டும்தானே என்று எண்ண வேண்டாம். எச்.ஐ.வி., மனநலம், குடும்ப வன்முறை போன்றவை குறித்த விடை பிறர் காதில் விழுந்தால் வேலையும் உறவும் பாதிக்கப்படலாம். எனவே தனியிடத்தில் பேச வேண்டும் என்று கேளுங்கள். விரும்பாத கேள்விக்கு விடையளிக்காமல் விடலாம். பேச்சைப் பதிவு செய்வதாயின் முன்கூட்டியே உங்கள் அனுமதி பெற வேண்டும். நேர்காணலுக்குப் பின் மனம் கலங்கினால் களப் பணியாளரிடம் தெரிவியுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐயும் அழைக்கலாம்.

பராமரிப்பாளர்களின் கவனத்திற்கு

• நோயாளி தானே முடிவெடுக்கும் நிலையில் இருந்தால், முடிவு அவருடையதே. அவர் சார்பில் நீங்கள் ஒப்புக்கொள்ள இயலாது.

• படிக்கத் தெரியாதவருக்குத் தகவல் தாளை வாசித்து விளக்க வேண்டும். கைரேகை பெறும்போது ஆய்வைச் சாராத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும்.

• 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. 7 வயது நிறைந்த குழந்தையாயின் அதன் இசைவையும் கேட்க வேண்டும்.

• பராமரிப்பாளராகிய உங்களிடமே கேள்விகள் கேட்கப்பட்டால், நீங்களும் பங்கேற்பாளரே. உங்களுக்கும் மேற்கூறிய உரிமைகள் அனைத்தும் உண்டு.

கையொப்பமிடும் முன் கேட்க வேண்டியவை

1. இந்த ஆய்வு எதைக் கண்டறிய விரும்புகிறது? நிதி தருபவர் யார்?
2. எவ்வளவு நேரம், எத்தனை முறை என்னைச் சந்திப்பீர்கள்?
3. எனக்கு என்ன பயன்? என்ன ஆபத்து?
4. பயணச் செலவும் இழந்த கூலியும் ஈடு செய்யப்படுமா?
5. ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் எவ்வாறு கிடைக்கும்?
6. என் தகவல்களை யார் பார்ப்பார்கள்? நான் விலகினால் அவை என்ன ஆகும்?
7. முடிவுகளை எனக்குத் தெரிவிப்பீர்களா?

தகவல் தாளின் படி ஒன்றைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாத்து வையுங்கள். வீட்டாருடன் கலந்து பேச அவகாசம் கேளுங்கள். மருந்து அல்லது சிகிச்சை முறையைச் சோதிக்கும் ஆய்வாயின், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அது பதிவாகியுள்ளதா என இணையத்தில் பார்க்கலாம்.

எப்போது எச்சரிக்கை தேவை?

அடையாள அட்டை காட்ட மறுத்தாலோ, ஆய்வில் சேரப் பணம் கேட்டாலோ, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டாலோ, உடனே கையொப்பமிடுமாறு வற்புறுத்தினாலோ விடையளிக்க வேண்டாம். நீங்கள் சிகிச்சை பெறும் மருத்துவமனையிலோ, குறிப்பிடப்பட்ட பல்கலைக்கழகத்திலோ முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நினைவில் கொள்க

ஆய்வு மையத்தின் பணி, உங்களைப் போன்றோர் தரும் உண்மையான விடைகளால்தான் நடைபெறுகிறது. அந்த விடையைத் தருவது உங்கள் விருப்பம்; அதனைக் காப்பது அவர்களின் கடமை. புரியும்வரை கேளுங்கள், புரிந்த பின்னரே ஒப்புதல் தாருங்கள்.