உங்களுக்குத் தெரியுமா? இறங்கும்போதுதான் காசு!
ஹாங்காங் தீவின் வடகரையோரம் 1904 முதல் ஓடும் டிராமில் பின்வாசல் வழியாக ஏறவேண்டும். இறங்கும்போது, ஓட்டுநர் பக்கத்திலுள்ள உண்டியலில் காசைப் போட்டுவிட்டு முன்வாசல் வழியாகப் போகலாம். கண்டக்டர் கிடையாது. ஒரு நிறுத்தம் போனாலும், வண்டி நிற்கும் கடைசி இடம்வரை போனாலும் ஒரே கட்டணம்! மீதிச் சில்லறை தரமாட்டார்கள். எண்ணி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து இறங்கும் 550 வோல்ட் நேர்மின்சாரம் மோட்டாரைச் சுழற்றிவிட்டுத் தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது. ஓட்டுநர் காலால் மிதித்து எழுப்பும் மணியோசையால் ஊரார் இட்ட செல்லப்பெயர் 'டிங் டிங்'. எல்லாமே இரட்டை மாடி வண்டிகள். மேல்மாடியில் முன்னிருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்: எதிர்வண்டி கைக்கெட்டும் தூரத்தில் உரசுவதுபோல் கடந்துபோகும்.