எண்ணிப் பார்க்க வேண்டிய வீச்சு

என் மகள் குடும்பம் திருச்சியிலிருந்து மாற்றலாகி இத்தீவுக்கு வந்தபோது நானும் கூடவே வந்தேன். சாமான்களோடு ஒரு சிறு பையும் வந்தது. அதில் தோல் கையுறை ஒன்று, மஞ்சள் நிறப் பந்துகள் மூன்று. என் பேத்திக்கு அப்போது பதின்மூன்று வயது. திருச்சியில் பள்ளி சாஃப்ட்பால் அணியில் பந்து வீசிக்கொண்டிருந்தவள். வந்து இறங்கிய வாரமே, "தாத்தா, இங்க எனக்கு யாரு சொல்லிக் கொடுப்பாங்க?" என்று கேட்டாள்.

தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தோம். கால்பந்துக்கு ஆள் உண்டு, சைக்கிளுக்கு உண்டு, படகுப் போட்டிக்கும் உண்டு. சாஃப்ட்பால் வீச்சுக்கு மட்டும் எங்களுக்கு ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் ஆன்லைன் வகுப்பில் சேர்த்தோம். அதில் எங்கள் வீட்டில் ஒரு தவறு நடந்தது. பிள்ளைகளை விளையாட்டில் விட்டிருக்கும் மற்ற பெற்றோருக்கு அது பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சாஃப்ட்பால் என்றால் எது?

ரப்பர் பந்து கிரிக்கெட்டையும் நம்மவர்கள் சாஃப்ட்பால் என்பதுண்டு. இது அதுவல்ல. 1887ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், பேஸ்பாலை ஒரு கூடத்துக்குள் விளையாடிப் பார்த்ததில் பிறந்த ஆட்டம் இது. பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பெயரில்தான் மென்மை. கையில் வாங்கிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். நம் நாட்டில் பள்ளிகளுக்கான தேசியப் போட்டிகளிலும் இந்த ஆட்டம் உண்டு.

பந்து வீசுபவரைப் பிட்சர் என்பார்கள். அணியின் உயிர்நாடி அவர்தான். கையை முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்பருகே வரும்போது கீழிருந்து பந்தை விட வேண்டும். காற்றாடி சுற்றுவது போல இருப்பதால் இதற்கு 'விண்ட்மில்' வீச்சு என்று பெயர். பெரிய பெண்கள் ஆட்டத்தில் பிட்சருக்கும் மட்டை பிடிப்பவர் நிற்கும் இடத்துக்கும் தூரம் 43 அடி. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் பந்து அரை நொடிக்குள் போய்விடும்.

1996 முதல் 2008 வரை பெண்கள் சாஃப்ட்பால் ஒலிம்பிக்கில் இருந்தது. பிறகு நீக்கப்பட்டு, 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மீண்டும் வந்தது. 2024ல் பாரிசில் இல்லை. 2028ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் மறுபடி சேர்க்கப்பட்டிருக்கிறது. இதனால் ஆர்வமுள்ள பிள்ளைகளும், அவர்களுக்கு வகுப்பு எடுப்போரும் பெருகியிருக்கிறார்கள்.

கடலடியில் வந்த வாத்தியார்

திறமையுள்ள தீவுப் பிள்ளைகள் மேலே வர வேண்டுமானால் மெயின்லேண்டுக்குப் போயாக வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018ல் உலக ஜூனியர் சைக்கிள் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அவரும் டெல்லிக்குப் போய்ப் பயிற்சி பெற்றவர்தான். எல்லாக் குடும்பத்தாலும் பிள்ளையை அப்படி அனுப்பிவிட முடியாது.

2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையிலிருந்து நம் தீவுகளுக்குக் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி திறந்து வைக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். அன்று போர்ட் பிளேர், இன்று ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட நம் ஊரோடு, லிட்டில் அந்தமான், ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் முதலிய இடங்களுக்கும் அது போகிறது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பியிருந்த காலத்தில் ஒரு சிறு படம் இறங்குவதற்குள் காப்பி ஆறிவிடும் என்று இங்கு நெடுநாள் இருப்பவர்கள் சொல்வார்கள். இன்று உலகின் எந்த மூலையிலுள்ள பயிற்சியாளரும் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்.

இதில் தீவுக்கு ஒரு சௌகரியமும் உண்டு. அமெரிக்காவின் மத்தியப் பகுதியில் மாலை ஏழு மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஐந்தரை அல்லது ஆறரை. சென்னையில் அது இருட்டாக இருக்கலாம். இங்கே சூரியன் சீக்கிரமே எழுந்துவிடுவதால் அந்த நேரத்தில் மைதானத்தில் நின்று பந்து வீசலாம். மாலையை நம்ப முடியாது. டிசம்பரில் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து பால் குடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

நாங்கள் செய்த தவறு

நாங்கள் முதலில் எடுத்தது, முன்பே படம் பிடித்து வைத்த பாடங்கள். பணம் கட்டினால் எல்லாப் பாடமும் திறக்கும். 'இத்தனை வாரத்தில் இவ்வளவு வேகம்' என்று வாக்குறுதியும் இருந்தது. ஜங்லிகாட்டில் பழக்கமான மீனவர் ஒருவர் பழைய வலை ஒன்று கொடுத்தார். அதை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி, குறி பார்த்து வீசக் கயிற்றால் ஒரு சதுரமும் கட்டினேன். பாடத்தில் ஒரு நாளைக்கு 60 வீச்சு என்று இருந்தது. பந்து சரியாகப் போகாத நாட்களில் பேத்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து இன்னொரு 60 வீசுவாள். நானோ, "பிள்ளை எவ்வளவு உழைக்கிறாள்!" என்று பெருமையோடு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். வலக்கைப் பழக்கமுள்ளவள், சீப்பை இடக்கையில் பிடித்திருந்தாள். "கையில என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல தாத்தா" என்றாள். தோளின் முன்பக்கம் விரலை வைத்ததும் முகம் சுளித்தாள். மூன்று வாரமாக வலி இருந்திருக்கிறது. சொன்னால் நிறுத்திவிடுவோம் என்று சொல்லவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, தோளின் முன்பக்கத் தசைநாரில் வீக்கம், முறிவு ஒன்றுமில்லை, ஆறு வாரம் பந்தைத் தொடக் கூடாது என்றார். "ஒரு நாளைக்கு எத்தனை முறை வீசுவாள்?" என்று என்னைக் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சராசரி நூறு என்று வைத்தாலும், வாரம் ஆறு நாள், எட்டு வாரம். மொத்தம் 4,800 வீச்சு. முப்பது வருஷத்துக்கு மேல் எண்ணுவதும் அளப்பதுமே தொழிலாக இருந்தவன், வீட்டுப் பிள்ளையின் தோளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டேன்.

தண்டவாளம் சொல்லும் பாடம்

1842ல் பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸ் சென்ற ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து பெரும் விபத்து நேர்ந்தது. அச்சுகள் ஏன் இப்படி முறிகின்றன என்ற கேள்வி ரயில்வேக்காரர்களை நெடுநாள் வாட்டியது. ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வே எஞ்சினியர் பல வருஷம் சோதனை செய்து விடை கண்டார். ஒரே தடவையில் உடைக்க முடியாத சிறு பாரமும், லட்சக்கணக்கான முறை மாறி மாறி வந்தால் இரும்பை உடைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மயிரிழை போலக் கீறல் விட்டு வளரும். அதனால்தான் தண்டவாளத்தின் மேல் இதுவரை எத்தனை டன் ஓடியது என்று கணக்கு வைக்கிறோம். கேளா ஒலிக் கருவி கொண்டு உள்ளே சோதிக்கிறோம்.

தோளின் கதையும் ஏறத்தாழ இதுவே. கீழிருந்து வீசுவது இயற்கையான அசைவு, எவ்வளவு வீசினாலும் கைக்கு ஒன்றும் ஆகாது என்று சாஃப்ட்பால் உலகில் வெகுநாள் நம்பினார்கள். 1996 ஒலிம்பிக்கில் ஆடிய பிட்சர்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். வீசும்போது தோள் மூட்டை வெளியே இழுக்கும் விசை, சராசரியாக உடல் எடையில் 80 சதவீதம் இருந்தது. நாற்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கும் ஏறத்தாழ இதே விகிதம் என்று வைத்தால், ஒவ்வொரு வீச்சிலும் முப்பது கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அதுவும் வளரும் மூட்டு.

ஆனால் ஒரு வித்தியாசம். இரும்பில் விழுந்த கீறல் தானாக ஆறாது. உடம்பு ஆறும், ஓய்வு கொடுத்தால்.

413 வீச்சு

இப்படிச் சொன்னால் பிள்ளைகள் உடனே யுகிகோ உவேனோவைக் காட்டுவார்கள். ஜப்பானின் புகழ்பெற்ற பிட்சர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆகஸ்ட் 20 அன்று ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களில் 318 முறை வீசினார். மறுநாள் இறுதி ஆட்டத்தில் 95 முறை. இரண்டு நாளில் 413 வீச்சு வீசி, அமெரிக்காவை 3-1 என்று வென்று தங்கம் வாங்கிக் கொடுத்தார். பதின்மூன்று வருஷம் கழித்து டோக்கியோவிலும் தங்கம். அப்போது வயது 39.

வியக்க வேண்டிய சாதனைதான். ஆனால் பெய்ஜிங்கில் அவருக்கு வயது 26. முற்றிய உடம்பு, பல வருஷப் பயிற்சி, அருகிலேயே மருத்துவரும் பயிற்சியாளரும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது அளவுகோல் ஆகாது. அமெரிக்க விளையாட்டு மருத்துவர்களின் பரிந்துரைப்படி, 13, 14 வயதில் ஓர் ஆட்டத்துக்கு 80 வீச்சு, 10 முதல் 12 வயதில் 65 வீச்சு. அதுவும் மேல் வரம்பு, இலக்கு அல்ல. சிறுவர் பேஸ்பாலுக்கு 'லிட்டில் லீக்' அமைப்பு 2007லேயே வீச்சு வரம்பை விதியாக்கிவிட்டது. சாஃப்ட்பாலில் அந்தக் கண்டிப்பு அந்த அளவு பரவவில்லை. ஆகவே எண்ண வேண்டியவர்கள் நாமே.

எந்த வகுப்பைத் தேர்வது?

ஆறு வார ஓய்வில் வேறு வகுப்புகளை விசாரித்தோம். ஆன்லைன் வகுப்புகள் பெரும்பாலும் மூன்று வகை. முதல் வகை, நாங்கள் முதலில் எடுத்தது போன்ற பதிவு செய்த பாடங்கள். செலவு குறைவு. ஆனால் பாடம் பிள்ளையைப் பார்ப்பதில்லை. இரண்டாவது, நேரலை வகுப்பு. மூன்றாவது, நாம் பிடித்து அனுப்பும் படத்தைப் பயிற்சியாளர் நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் திருத்தம் சொல்வது. பிள்ளைகளுக்கு மூன்றாவதே நல்லது என்பது என் அனுபவம். முதல் வகையை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாகக் கிடைத்த பயிற்சியாளர் அமெரிக்காவில் கல்லூரி அணியில் ஆடியவர். அவர் முதலில் வேகத்தைக் கேட்கவே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீச்சு, எங்காவது வலிக்கிறதா, வேறு என்ன விளையாட்டு ஆடுகிறாள் என்று கேட்டார். பழைய படத்தைப் பார்த்து, "காலால் தள்ளவில்லை, இடுப்பு முன்னால் மடிகிறது, கை தனியாக எல்லா வேலையையும் செய்கிறது" என்றார். காலும் இடுப்பும் செய்ய வேண்டியதைத் தோள் சுமந்திருக்கிறது. ஆறு வாரமும் காலுக்கும் இடுப்புக்கும்தான் பயிற்சி. டாக்டர் சம்மதித்த பிறகு, சுருட்டிய காலுறையை வைத்து மணிக்கட்டை மட்டும் அசைக்கும் பழக்கம். அப்புறம்தான் பந்து.

சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை சில:

1. பயிற்சியாளர் பிள்ளையின் படத்தைத் தாமே பார்ப்பாரா, எத்தனை நாளில் பதில் சொல்வார்?

2. வயதுக்கு ஏற்ற பந்தும் தூரமும் சொல்கிறாரா? அமெரிக்க முறையில் பத்து வயது வரை 11 அங்குலப் பந்து, 35 அடி. பன்னிரண்டு வரை 40 அடி. அதன் பிறகே 43 அடி.

3. நாளைக்கு இத்தனை, வாரத்தில் இத்தனை நாள் என்று வரம்பு வைக்கிறாரா?

4. சுழல் வீச்சுகளை எடுத்த எடுப்பில் கற்பிக்கிறாரா? நேர் வீச்சும், வேகம் குறைத்து ஏமாற்றும் வீச்சும் படிந்த பிறகே மற்றவை.

படம் பிடிக்கும்போது கைப்பேசியை இடுப்பு உயரத்தில் வைத்து, பக்கவாட்டில் ஒன்று, முன்னாலிருந்து ஒன்று என மெதுவோட்டத்தில் எடுங்கள். முன்பக்கப் படத்தை வலைக்குப் பின்னாலிருந்து எடுப்பது நல்லது. நேரலை வகுப்பில் பெற்றோர் ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். பிள்ளையின் படம் யார் யார் கைக்குப் போகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆன்லைன் பாடம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நல்ல பாடம் அதில் நிறைய உண்டு. ஆனால் அருகில் இருந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவருக்குச் சாஃப்ட்பால் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்து, பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இப்போது என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, வீச்சு எண்ணிக்கை, வலி உண்டா இல்லையா என்று மூன்று கட்டம். வாரம் மூன்று நாள். முப்பதில் ஆரம்பித்து ஐம்பதுக்கு வந்திருக்கிறோம். போன வாரம் மழை விட்ட ஒரு காலையில் நான் ஏதோ நினைவில் எண்ணிக்கையைத் தவறவிட்டேன். பேத்தியே பந்தைக் கையுறைக்குள் போட்டுக்கொண்டு, "அம்பது ஆச்சு தாத்தா, எழுதிக்கோங்க" என்றாள்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் ஏதாவது விளையாட்டை ஆன்லைனில் கற்றுக்கொண்டிருந்தால், சங்கக் கூட்டத்துக்கு வரும்போது சொல்லுங்கள். பேசிக்கொள்வோம்.