சென்னையின் சிவப்புக் கட்டடங்களைக் கட்டியது யார்?

உயர் நீதிமன்றத்தைக் கட்டியது யார் என்று கேட்டால் ஹென்றி இர்வின் என்று பதில் வரும். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலுக்கு ராபர்ட் சிஷோம். இருவரும் வரைபடம் தந்தவர்கள். இந்த இரண்டையும், 1896இல் எழும்பூரில் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்தையும், அதே வளாகத்தில் 1909இல் திறந்த தேசியக் கலைக்கூடத்தையும் ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் ஒரே ஆள்: நம்பெருமாள் செட்டியார் (1856–1925). வரைந்தவர்கள் மாறிக்கொண்டே இருக்க, கட்டியவர் மாறவில்லை. ஆனாலும் இந்தக் கட்டடங்களின் இந்தோ-சாரசெனிக் பாணி என்றதும் ஆங்கிலேயர்களின் கற்பனை என்றே பேசி முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மை. தாளில் இருந்த பாதி அவர்களுடையது, மண்ணில் எழுந்த பாதி இந்த ஊர்க்காரர்களுடையது.

உயர் நீதிமன்றத்தையே எடுத்துக்கொள்வோம். முதலில் திட்டம் போட்டவர் பிராசிங்டன். அதைத் திருத்தி விரித்தவர் இர்வின். உடனிருந்து உதவியவர் ஸ்டீபன்ஸ். ஆக, தாளில்கூட அது ஒரு தனிமனிதரின் படைப்பு அல்ல. 1888இல் வேலை தொடங்கி 1892 ஜூலையில் திறப்பு விழாவே நடந்துவிட்டது. செலவு ஏறத்தாழ 13 லட்சம் ரூபாய். அத்தனை மாடங்களையும் குவிமாடங்களையும் நான்கே ஆண்டுகளில் எழுப்ப, செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கும் நாள் தவறாமல் வந்து சேர வேண்டும், நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். அதன் உயரமான கோபுரத்தின் மேல் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. கட்டு வேலை சொத்தையாக இருந்திருந்தால் அப்படி ஒரு சுமையை அங்கே யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

இர்வின் சென்னைக்கு வருமுன் சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையை வரைந்தவர். அது மலைநாட்டுக் கல் வேலை. இங்கோ உப்புக்காற்று, ஈரம், வெயில், பொருளோ செங்கல். சிம்லா அனுபவம் எவ்வளவு தூரம் கை கொடுத்திருக்கும்? பூச்சில்லாத செங்கல் சுவர் கொத்தனாருக்கு வைக்கும் பரீட்சை. பூசிய சுவரில் கோணல் மறைந்துவிடும். பூசாத சுவரில் ஒரு வரி அரை விரல்கடை ஏறினாலும் தெருவிலிருந்தே தெரியும். கூரைக்கும் இந்த ஊர் தனி வழி வைத்திருந்தது. தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாகக் குறுக்குச் சாய்வில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று ஆங்கிலேயர்களே ஊர்ப்பெயர் சொல்லி அழைத்த கூரை இது. எவ்வளவு அடித்தால் போதும் என்பதைக் கட்டையின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் கைகள் இங்கே இருந்தன.

ஒப்பந்தக்காரர் பணம் வாங்கிக்கொண்டு, கொடுத்த படத்தைக் கட்டித் தந்தார். அதில் படைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். இர்வினும் சம்பளம் வாங்கித்தான் வரைந்தார். படைப்பில் சம பங்கு என்று செட்டியாருக்காக யாரும் வழக்காடத் தேவையில்லை. குவிமாடம் எங்கே வர வேண்டும் என்று முடிவெடுத்தவர் அவர் அல்லர். ஆனால் கட்டடம் என்பது நிற்கும் பொருள். நிற்க வைத்தவரை விட்டுவிட்டு அதன் வரலாற்றைச் சொன்னால் ஓவிய வரலாறுதான் மிஞ்சும். அவர் ஒருவர் விதிவிலக்கும் அல்லர். இர்வின் வரைந்து 1908இல் திறந்த எழும்பூர் ரயில் நிலையத்தைக் கட்டியவர் பெங்களூரு சாமிநாத பிள்ளை. 1922இல் திறந்த தெற்கு ரயில்வே தலைமையகமும் அவர் எடுத்த வேலைதான், வரைந்தவர் மட்டும் வேறு.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. துரையின் பெயரை எடுத்துவிட்டுச் செல்வரின் பெயரை வைப்பதால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் என்ன கிடைத்தது? உண்மைதான். செட்டியார் ராவ் பகதூர் பட்டம் பெற்றவர், அரசு ஒப்பந்தங்களால் வளர்ந்தவர். உடல்நலம் குன்றிய கணிதமேதை ராமானுஜன் 1920இல் கண்ணை மூடியது சேத்துப்பட்டில் அவருக்குச் சொந்தமான வீட்டில்தான் என்னும் அளவுக்கு ஊரில் செல்வாக்கு உள்ளவர். கல் சுமந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் ஏறவில்லை, இனி ஏறப்போவதும் இல்லை. ஆனால் ஒப்பந்தக்காரரின் பெயர் வந்தால்தான் கூலி, சூளை, சுண்ணாம்பு அரவை என்ற கேள்விகளாவது எழும். இர்வினோடு பேச்சு நின்றால் வளைவின் வடிவம், மாடத்தின் மூலம் என்றே சுற்றிக்கொண்டிருப்போம்.

இதில் ஏட்டு நியாயம் மட்டும் இல்லை, பழுது பார்க்கும் செலவும் இருக்கிறது. பாணிதான் முக்கியம் என்று நினைப்பவர் விரிசலில் சிமென்டை அப்பி மேலே சிவப்புச் சாயம் அடித்தால் வேலை முடிந்தது என்பார். தோற்றம் அப்படியே இருக்குமே! சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதைத் தடுத்துவிட, ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். அதனால்தான் இப்போது மீட்பு வேலை எடுப்பவர்கள் சுண்ணாம்பை ஊற வைத்து அரைக்கத் தெரிந்தவர்களைத் தேடி அலைகிறார்கள். அந்தத் தொழில் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒப்பந்தப்புள்ளியில் வரைபடத்துக்கு இருக்கும் விவரம் அவர்களின் வேலைக்கும் கூலிக்கும் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.