ஒரு பலகை, மூன்று ஆட்டங்கள்

மாலை நேரம். வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் நேரம். மும்பையின் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒரு சத்தம் கேட்கும். கொல்கத்தாவின் தெருமுனைகளிலும் அதே சத்தம் கேட்கும். டக்... டக்... பலகையில் காய் மோதும் சத்தம் அது. அதுதான் கேரம்.

கேரம் ஆடப் பெரிய மைதானம் வேண்டாம். நாலு பேர் உட்கார இடம் இருந்தால் போதும். ஆண், பெண், சிறியவர், பெரியவர் எல்லாரும் ஆடலாம்.

ஆனால் பலகை இருக்கும் இடத்தில் இன்னொரு சத்தமும் கேட்கும். அது சண்டைச் சத்தம்.

"அண்ணே, சிவப்பு விழுந்துடுச்சு. அது எனக்குத்தான்."

"அது எப்படி தம்பி? அடுத்த அடியில நீ காய் போடலையே! சிவப்பை எடுத்து நடுவில வை."

"எங்க தெருவில அப்படி இல்லண்ணே. அடுத்த முறை போட்டாலும் செல்லும்."

"எங்க தெருவில செல்லாது!"

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்குத் தெரிந்த விதியைச் சொன்னார்கள். பலகை ஒன்று, விதி இரண்டு. சண்டை அதனால் வந்தது.

கேரம் ஆட்டத்துக்கு எழுதி வைத்த விதிகள் உண்டு. பெரிய போட்டிகள் அந்த விதிப்படிதான் நடக்கின்றன. அவற்றில் முக்கியமானவற்றை நாமும் தெரிந்துகொள்வோம்.

பலகையும் காய்களும்

பலகையில் 4 குழிகள் உண்டு. காய்கள் மொத்தம் 19. வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. காயை அடிக்கும் வட்டுக்கு ஸ்ட்ரைக்கர் என்று பெயர். அதன் எடை 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதைச் சுண்டி அடிக்க வேண்டும். கையால் தள்ளிக்கொண்டு போகக் கூடாது.

முதல் ஆட்டம்: இருவர் ஆட்டம்

முதலில் அடிப்பவருக்கு வெள்ளை. மற்றவருக்குக் கறுப்பு. தன் காயைக் குழியில் போட்டால் மறுபடி அடிக்கலாம். போடாவிட்டால் மற்றவர் முறை. ஸ்ட்ரைக்கர் மட்டும் குழியில் விழுந்தால் முறை போய்விடும். தான் போட்ட காய் ஒன்றைத் தண்டமாகத் திரும்ப வைக்க வேண்டும்.

சிவப்பைப் போடும் முன் தன் காய் ஒன்றாவது போட்டிருக்க வேண்டும். சிவப்பைப் போட்டதும், அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றைப் போட வேண்டும். இதைத்தான் 'ஃபாலோ' என்கிறோம். ஃபாலோ விழாவிட்டால் சிவப்பு நடுவுக்குத் திரும்பிவிடும். எழுதிய விதிப்படி பார்த்தால் அண்ணன் சொன்னதே சரி.

சிவப்பு பலகையில் இருக்கும்போது தன் கடைசிக் காயைப் போட்டுவிடக் கூடாது. போட்டால் தோல்வி.

தன் காய்களை முதலில் முடிப்பவர் வென்றவர். எதிராளியின் காய்கள் எத்தனை மீதி இருக்கின்றனவோ, அத்தனை புள்ளி அவருக்கு. சிவப்பையும் அவரே எடுத்திருந்தால் இன்னும் 3 புள்ளி. மீதிக் காய் 4, சிவப்பு 3. மொத்தம் 7 புள்ளி. தோற்றவர் சிவப்பை எடுத்திருந்தால் அந்த 3 புள்ளி யாருக்கும் இல்லை.

முதலில் 25 புள்ளி எடுப்பவர் ஆட்டத்தை வெல்வார். 22 புள்ளியைத் தொட்டவருக்கு அதன்பின் சிவப்புக்குப் புள்ளி கிடையாது.

இரண்டாம் ஆட்டம்: நால்வர் ஆட்டம்

எதிர் எதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி. ஒரு ஜோடிக்கு வெள்ளை, மற்ற ஜோடிக்குக் கறுப்பு. மற்ற விதிகள் எல்லாம் முன் சொன்னவையே. போட்டிகளில் ஜோடிக்கு யோசனை சொல்லக் கூடாது. கண் ஜாடை காட்டவும் கூடாது.

மூன்றாம் ஆட்டம்: பாயிண்ட் ஆட்டம்

மூன்று பேர் இருந்தால் என்ன செய்வது? அதற்கு இந்த ஆட்டம் உதவும். இது போட்டிகளில் இல்லை. வீட்டிலும் தெருவிலும் ஆடுவது. யாரும் எந்த நிறக் காயையும் போடலாம். பல இடங்களில் கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று வைத்துக்கொள்கிறார்கள். அதிகம் சேர்த்தவர் வென்றவர்.

இதில் ஒரு வசதி உண்டு. கறுப்பு 9க்கு 90. வெள்ளை 9க்கு 180. சிவப்பு 50. எல்லாம் சேர்த்து 320. ஆட்டம் முடிந்ததும் எல்லார் கணக்கையும் கூட்டுங்கள். 320 வந்தால் கணக்கு சரி. வராவிட்டால் எங்கோ தவறு. மறுபடி எண்ணுங்கள். சண்டை வேண்டாம்.

விளையாட்டுதானே என்று நினைக்காதீர்கள்

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்றார். 1996-ல் அர்ஜுனா விருது பெற்றார். சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 3 தங்கப் பதக்கம் வென்றார்.

ஆனால் காசு வைத்து மட்டும் ஆடாதீர்கள். கூலிப் பணம் பலகையில் போனால் அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்காது. நட்பும் போய்விடும்.

தெருவுக்குத் தெரு விதி மாறலாம். அது தவறு இல்லை. ஆடுவதற்கு முன் பேசிக்கொள்ளாததுதான் தவறு. முதல் அடிக்கு முன்பே இவற்றை முடிவு செய்யுங்கள்:

எந்த ஆட்டம் ஆடுகிறோம்?
சிவப்புக்கு ஃபாலோ எப்போது போட வேண்டும்?
ஸ்ட்ரைக்கர் விழுந்தால் தண்டம் என்ன?
எத்தனை புள்ளியில் ஆட்டம் முடியும்?

சண்டை போட்ட அந்த அண்ணனும் தம்பியும் இன்றும் ஒரே பலகையில்தான் ஆடுகிறார்கள். பலகைக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அதில் விதிகள் இருக்கின்றன. அண்ணன் சொன்னார். தம்பி எழுதினார். சந்தேகம் வந்தால் இப்போது குரலை உயர்த்துவதில்லை. தலையை உயர்த்திப் படிக்கிறார்கள்.

கணக்குப் போடுங்கள்

பாயிண்ட் ஆட்டத்தில் மூன்று பேர் ஆடினார்கள். ஒருவருக்கு 120 புள்ளி. இன்னொருவருக்கு 90 புள்ளி. எல்லாக் காய்களும் விழுந்துவிட்டன. மூன்றாமவருக்கு எத்தனை புள்ளி? வென்றவர் யார்?