கார்முகில் நிறத்தில் ஓர் அறை

இல்லம் என்பது இறைவன் நமக்கு அளித்த சிறிய ஆலயம். அதன் சுவர்களுக்கு நிறம் தேர்ந்தெடுப்பதும் பொறுப்பான பணியே. ஒருமுறை பூசிய வண்ணத்தோடு நாம் பல ஆண்டுகள் வாழ வேண்டும் அல்லவா? வெள்ளை, இளமஞ்சள், இளம்பச்சை ஆகியவை நம் வீடுகளில் பழகிப்போனவை. கருநீலமும் சாம்பலும் கலந்த கார்முகில் நிறத்தைச் சொன்னாலோ, "அறை இருண்டுவிடுமே!" என்று பெற்றோர் தயங்குவர். அத்தயக்கம் நியாயமானதே. ஆயினும் ஒளியின் கணக்கை அறிந்துகொண்டால் அந்நிறத்தையும் அழகுறப் பயன்படுத்தலாம்.

நல்ல வெள்ளைச் சுவர், தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கைத் திருப்பி அனுப்புகிறது. கார்முகில் நிறச் சுவரோ ஏறக்குறைய 10 பங்கையே அனுப்பும். நான்கு சுவர்களும் ஒரே அளவுடையவை எனக் கொள்வோம். நான்கிற்கும் இந்நிறம் பூசினால் சராசரி 10 பங்குதான். ஒரு சுவருக்கு மட்டும் பூசி, மற்ற மூன்றையும் வெள்ளையாக விட்டால் சராசரி 62 பங்குக்கு மேல் இருக்கும். ஆகவே ஒரு சுவரே போதும். கூரையின் உட்புறமும் வெள்ளையாகவே இருக்கட்டும்.

அது எந்தச் சுவர்? சன்னல் உள்ள சுவர் வேண்டாம். வெளிச்சத்தைச் சுற்றி இருள் சூழ்ந்தால் கண் கூசும். சன்னலுக்கு எதிர்ச் சுவரும் வேண்டாம். வெயிலொளியை ஏற்று அறைக்குள் பரப்புவது அதுவே. பக்கச் சுவர்களுள் ஒன்றே ஏற்றது. நாம் படிக்கும் மேசையைச் சன்னலருகே போட்டுக்கொள்ளலாம்.

மஞ்சள் ஒளி தரும் விளக்கில் நீலக் கதிர்கள் குறைவு. அதனால் பகலில் நீலமாகத் தெரியும் சுவர், இரவில் கருமையாகத் தோன்றும். முதலில் ஒரு பெரிய அட்டையில் வண்ணத்தைப் பூசிச் சுவரில் சாய்த்து வைத்து, காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பார்த்த பிறகே வண்ணம் வாங்குதல் நன்று.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. ஓதம் ஏறிய சுவரில் உப்புப் பூத்தால், வெள்ளைச் சுவரில் அது கண்ணில் படாது. கருஞ்சுவரிலோ திட்டுத்திட்டாகத் தெரியும். எனவே ஓதத்தைச் சரிசெய்த பின்னரே பூச வேண்டும். வெளிச்சுவருக்கு, அதுவும் மேற்கு வெயில் தாக்கும் சுவருக்கு, இந்நிறம் ஆகாது. அது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்.

சிலேட்டில் வெண்ணிற எழுத்து எடுப்பாகத் தெரிவது போல, இச்சுவரின் முன் பித்தளை விளக்கும், தேக்கு மர அலமாரியும், அன்னை மரியாளின் வெண்ணிறச் சுரூபமும் பொலிவுடன் விளங்கும். முற்காலத்தில் ஐரோப்பிய ஓவியர்கள், ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்த நீலக்கல்லை அரைத்து, அன்னையின் மேலாடைக்கு வண்ணம் தீட்டினர். விலையுயர்ந்தது என்பதால் அதைச் சிக்கனமாக, சிறப்பான இடத்துக்கே பயன்படுத்தினர். அன்புத் தோழியரே, நாமும் இவ்வண்ணத்தை அளவறிந்து, இடமறிந்து பயன்படுத்தி, நம் இல்லங்களை ஒளியும் அழகும் குன்றாமல் காப்போமாக!